காஸ்பர் வெண்ட்லருக்கு விடுப்பு கிடையாது

கிரீபன்ஹைன் அரண்மனை வாத்தியக்குழுவில் சாவதானாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். காஸ்பர் வெண்ட்லர் வாங்கவில்லை. அவர் அப்படி அவசரப்படுகிற ஆளும் இல்லை. வயலின் வில்லைப் பிடித்தால் நிதானம், பீர்க் குவளையைப் பிடித்தால் நிதானம், கோபம் வந்தால்கூட மறுநாள்தான் வந்து சேரும். அப்பேர்ப்பட்டவர் ஓர் அக்டோபர் மத்தியானம், கோமகன் முன்னிலையில், ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவன் டோபியாஸ் ரிங்கல்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. கிரீபன்ஹைன் சின்ன நாடு. காலையில் ஒரு முனையில் தும்மினால் மத்தியானத்துக்குள் மறுமுனையிலிருந்து நலம் விசாரிப்பார்கள். முழு வாத்தியக்குழு அந்த நாட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கோமகனுக்கு வேண்டும். ஆகவே எல்லா வாத்தியமும் இருந்தது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. பெரிய ஊர்களில் இரண்டாம் வயலின் என்றால் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். இங்கே இரண்டே பேர். அந்த இருவருக்கும் ஒரே தாங்கி, அதன்மேல் ஒரே இசைத்தாள்.

அப்படி இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் சபைப் பக்கத்து நாற்காலி மூத்தவருக்கு, உள்பக்கத்து நாற்காலி இளையவருக்கு. பக்கம் முடிகிற சமயம் மூத்தவர் வாசித்துக்கொண்டே தலையை லேசாகத் தாழ்த்துவார். உடனே இளையவர் வில்லை இறக்கிவிட்டுத் தாளைப் புரட்ட வேண்டும். ஆக, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிச் சுரங்களும் மூத்தவருக்கு மட்டுமே சொந்தம். வாத்தியக்காரர்கள் அதை ‘வால்’ என்பார்கள். டோபியாஸ் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வால்கூட வாசித்ததில்லை.

அவன் ஆற்றங்கரை வழியாக வீட்டுக்குப் போகும்போது அன்றைக்கு வாசித்ததை விசிலடித்துக்கொண்டு போவான். பக்கம் முடிகிற இடம் வந்ததும் விசில் நின்றுவிடும். இருட்டில் இறங்குகிறவன் ஒரு படியைக் காணாமல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பானே, அதுபோல நிற்பான். பிறகு அடுத்த பக்கத்திலிருந்து தொடங்குவான்.

“மீதியை என்னைக்கய்யா அடிப்பீரு?” என்று ரொட்டிக்கடைக்காரி ஜன்னலில் இருந்து கத்துவாள். “மாவைப் பிசைஞ்சுக்கிட்டே காத்துக்கிட்டு இருக்கேன், கை அப்படியே நிக்குது.”

“மீதி காஸ்பர்கிட்ட இருக்கும்மா” என்பான் டோபியாஸ்.

அந்த அக்டோபர் மத்தியானம் காஸ்பரின் தலை தாழ்ந்தது. வழக்கத்தைவிட ஒரு வரி முன்னாலேயே தாழ்ந்தது. மனிதர் மனப்பாடம் பண்ணிவிட்டார்போல என்று நினைத்து டோபியாஸ் தாளைப் புரட்டினான். தலை நிமிரவில்லை. தோள் அவன் தோள்மேல் சாய்ந்தது. வில் மடியில் கிடந்தது. டோபியாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? கோமகன் மாடத்தில் இருக்கும்போது கடைசிச் சுரம்வரை யாரும் நிறுத்தக்கூடாது. தீப்பிடித்தாலும் நிறுத்தக்கூடாது. ஒருமுறை திரைச்சீலையில் பிடித்தபோது நிறுத்தவில்லை.

ஆகவே அவன் செத்த மனிதரைத் தோளில் தாங்கிக்கொண்டு வாசித்தான். அடுத்த பக்கத்தின் முடிவு வந்தது. பழக்கத்தில் வில்லை இறக்கித் தாளுக்குக் கையை நீட்டினான். அந்த இடைவெளியில், தன் காதுக்கு வெகு அருகில், வால் கேட்டது. முழுசாக, சுத்தமாக, காஸ்பரின் கைப்பாங்கு மாறாமல் கேட்டது. மடியில் வில் அசையவில்லை.

அதற்கடுத்த பக்கத்திலும் கேட்டது. முடிவுவரை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டது.

கோமகன் கை தட்டினார். மாடத்திலிருந்து சாய்ந்து, “இன்னிக்கு இரண்டாம் வயலின்ல ஒரு கதகதப்பு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் போன பிறகுதான் காஸ்பர் கீழே விழுந்தார்.

*

மறுநாள் டோபியாஸை இசை நிர்வாக அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நிர்வாகத்தின் தலைவர் பிரபு ஃபான் குவாஸ்ட். அவருக்கு இசை பிடிக்காது. அதனாலேயே பாரபட்சம் இருக்காது என்று அந்தப் பதவியைக் கொடுத்திருந்தார்கள்.

“உட்காருங்க ரிங்கல். வேண்டாம், நில்லுங்க. நீங்க உட்கார்ந்தா இது பேச்சுவார்த்தை மாதிரி ஆயிடும். வெண்ட்லர் எந்த இடத்துல செத்தாருன்னு சொல்றாங்க?”

“மூணாவது பக்கத்துல, பிரபுவே. டாக்டர் சொன்னாரு, தலை சாய்ஞ்சப்பவே உயிர்...”

“டாக்டருக்குச் சங்கீதம் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“எனக்கும் தெரியாது. ஆனா நான் சபையில இருந்தேன். மூணாவது பக்கத்துக்கு அப்புறமும் எல்லா வாலும் கேட்டுச்சு. கோமகன் கை தட்டினாரு. இப்ப நீங்க சொல்றபடி பார்த்தா, கோமகன் ஒரு பிணத்துக்குக் கை தட்டியிருக்காரு. அப்படியா சொல்றீங்க?”

“ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க.”

“நல்லது. அப்ப கோமகன் கை தட்டினது உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. வெண்ட்லர் பணியில இருக்காரு.”

டோபியாஸ் தொப்பியைக் கையில் திருகினான். “இன்னிக்கு மத்தியானம் அடக்கம் பண்றாங்களே, பிரபுவே...”

“உடம்பு குடும்ப விஷயம். அதுல நிர்வாகம் தலையிடாது. எங்ககிட்ட வேலை பார்க்கிறது கலைஞர். கலைஞருக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்குன்னு சொல்லித்தானே நீங்கள்லாம் குளிர்காலத்துல விறகு கேக்கறீங்க?”

அடக்கம் நடந்தது. பாதிரியார் சாவு மணி அடிக்கவில்லை. பணியில் இருப்பவருக்கு எப்படி மணி அடிப்பது? கல்லில் பெயரைப் பொறித்தார்கள், பிறந்த தேதியைப் பொறித்தார்கள், அதன்பின் ஒரு கோடு போட்டுவிட்டுக் கல்தச்சர் உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காஸ்பரின் மனைவி ஆக்னெஸ் கறுப்பு உடுத்திக்கொண்டு வந்தபோது அலுவலகச் சேவகன் வாசலிலேயே நிறுத்தி, கணவர் உயிரோடு பணியில் இருக்கும்போது துக்கம் உடுத்துவது கோமகனின் ரசனையைச் சந்தேகிப்பதாகும் என்று பணிவாகச் சொன்னான். அவள் திரும்பிப் போய்ப் பச்சை உடை போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் நாடா வைத்த உடை. போன வருஷம் சந்தைத் திருவிழாவில் நடனமாட வாங்கியது.

*

கச்சேரிக் காலம் தொடங்கியது. காஸ்பரின் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. அதன்மேல் அவருடைய வயலின். குழுத்தலைவர் ஷ்டோல்சே, “வழக்கம்போலப் புரட்டுங்க ரிங்கல்” என்றார். சொல்லும்போது அவர் நாற்காலியைப் பார்க்கவில்லை.

டோபியாஸ் புரட்டினான். வால் கேட்டது.

முதல் நாள் புல்லாங்குழல்காரர் மூச்சு அடைத்துப்போய் வெளியே ஓடினார். அவருக்கு ஒழுங்கீனம் என்று அபராதம் போட்டார்கள். மறுவாரம் யாரும் ஓடவில்லை. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், அதிலும் அபராதம் இருந்தால் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். பாஸ் வாத்தியக்காரன் கோட்லோப் மட்டும் இடைவேளையில் கிண்டல் பண்ணுவான். “பரவாயில்லைப்பா, டோபியாஸ். உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் பக்கத்துல பூண்டு வாசனை தாங்காது. இப்ப பாரு, எவ்வளவு சுத்தம்.”

டோபியாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சேரி முழுக்க அவன் ஒரு பக்கத்து உடம்பு மட்டும் சில்லிட்டிருக்கும். வீட்டில் அடுப்போரம் உட்கார்ந்தாலும் அந்தத் தோளில் சூடு ஏறாது. இன்னொரு விஷயமும் இருந்தது, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. வால் கேட்கிற அந்த நொடிக்காக அவன் கச்சேரி முழுக்கக் காத்திருந்தான். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் காஸ்பரிடம் அவன் அதிகம் பேசியதில்லை. அவர் போன பிறகுதான், அந்த மனிதர் வாசித்ததைக் கேட்டுக்கொண்டேதான் தன் வயது போயிருக்கிறது என்று அவனுக்கு உறைத்தது.

ஒருநாள் காலைச் சந்தையில் முட்டைக்கோஸ் கடைக்கு முன்னால் ஆக்னெஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே பச்சை உடை. மேலே பழைய சால்வை.

“டோபியாஸ், நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அங்க அவர் வாசிக்கிறார்தானே?”

“வாசிக்கிறாரும்மா.”

“நல்லா வாசிக்கிறாரா?”

“எப்பவும்போல.”

அவள் கொஞ்சநேரம் முட்டைக்கோஸைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். “கச்சேரி முடிஞ்சா வீட்டுக்கு வர்றாரு. கதவைத் தட்டறதில்ல. அடுப்படியில வந்து நிக்கிறாரு. சூப் வெக்கிறேன். அவரால குடிக்க முடியல, டோபியாஸ். தட்டைப் பார்த்துக்கிட்டே நிக்கிறாரு. ஆவி அடங்கறவரைக்கும் நிப்பாரு, அப்புறம் போயிடுவாரு. வேலை பார்த்துட்டு வர்ற மனுஷனுக்குப் பசிக்காதா? பசியை மட்டும் குடுத்துட்டு வாயை எடுத்துட்டாங்களே.”

காய்க்காரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் கெஞ்சிப் பார்த்தேன்” என்றாள் ஆக்னெஸ். “போங்க, போய்ப் படுங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டறாரு. ‘வேலை இருக்கே’ங்கற மாதிரி. நீங்க போய்ப் பேசுங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரைத் தூங்க விடச் சொல்லுங்க.”

*

டோபியாஸ் போவதற்குள் நிர்வாகம் காஸ்பரின் விஷயத்தில் இன்னும் கொஞ்சதூரம் முன்னேறிவிட்டது.

முதலில் ஒரு கண்டனம். கோமகன் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து குனிந்து வணங்க, வெண்ட்லர் மட்டும் வணங்குவதில்லை என்று. இதைச் சரிசெய்ய நாற்காலிக்கு அரண்மனைக் கோட்டு ஒன்றை மாட்டி, காலில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கோட்லோபிடம் கொடுத்தார்கள். கோமகன் நுழைந்ததும் அவன் கயிற்றைச் சுண்டினால் நாற்காலி முன்னால் சாய்ந்து நிமிரும். கோமகன் அதைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு சனிக்கிழமை கோட்லோப் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டுக் கயிற்றைக் கையிலெடுக்கவே மறந்துவிட்டான். கோமகன் நுழைந்தார். நாற்காலி குனிந்து நிமிர்ந்தது. அன்றோடு கோட்லோப் கிண்டல் பண்ணுவதை விட்டுவிட்டான், குடியையும் விட்டுவிட்டான்.

அடுத்து பதக்கம். அதைக் கோட்டின் மார்பில் குத்திவிட்டு பிரபு ஃபான் குவாஸ்ட் குழுவைப் பார்த்துப் பேசினார். எல்லோரும் நின்றுகொண்டு கேட்டார்கள்.

“கலைஞர்களே, வெண்ட்லரைப் பாருங்க. நான் இத்தனை வருஷமா உங்ககிட்ட எதைத்தான் கேட்டேன்? இருமாதீங்கன்னு கேட்டேன். அவர் இருமறதில்ல. நேரத்துக்கு வாங்கன்னு கேட்டேன். அவர் போறதே இல்ல. வேகம் ஜாஸ்தி, குளிர் ஜாஸ்தின்னு குழுத்தலைவர்கிட்ட முனகாதீங்கன்னு கேட்டேன். அவர்கிட்ட இருந்து ஒரு முனகல் வந்துச்சா? சத்தியமா சொல்றேன், உயிரோட இருந்தப்ப வெண்ட்லரை எனக்கு யாருன்னே தெரியாது. இப்பதான் அவர் அருமை தெரியுது. உங்க அருமையும் எனக்கு ஒருநாள் தெரியவரும்னு நம்பறேன்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

அதன்பின் உத்தரவுகள் வந்தன. மெதுவான பகுதிகளில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கக்கூடாது. கண் இமைப்பதைப் பக்கம் புரட்டும் நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கைவிரல் முடங்கிப்போன வயதான செல்லோக்காரர் ஓய்வு கேட்டபோது, “இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. நல்ல நிலைமைக்கு வரப்போற நேரத்துல விலகறீங்களே” என்று பிரபு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜனவரியில், வியோலா என்கிற பெரிய வயலினை வாசிக்கும் ஃப்ளோரியான் நிஜமாகவே நெஞ்சுச் சளியில் இறந்தார். அவர் நாற்காலிக்கும் கோட்டு மாட்டினார்கள். அதிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. நிர்வாகம் விசாரித்தது. வியோலா விஷயத்தில் முன்பும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை என்று குழுத்தலைவர் சாட்சி சொன்னார். ஃப்ளோரியானும் பணியில் நீடித்தார்.

இப்படிப்பட்ட சமயத்தில்தான் டோபியாஸ் மனுவோடு போய் நின்றான்.

“வெண்ட்லர் விலகணும்னா ரெண்டு வழி” என்றார் பிரபு. “ஒண்ணு, அவரே காலை வேளையில அரண்மனை உடுப்போட நேர்ல வந்து, காரணம் சொல்லி, கேட்டுக்கணும்.”

“அவரால எப்படிங்க வர முடியும்?”

“வீட்டுக்கு மட்டும் போறாரே! அவர் சம்சாரம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாங்களே! வீட்டுக்குப் போகத் தெரிஞ்சவருக்கு அலுவலகத்துக்கு வழி தெரியாதா?”

“ரெண்டாவது வழி, பிரபுவே?”

“கோமகன் முன்னால கடமை தவறணும். தப்பா வாசிக்கணும், இல்ல சும்மா இருக்கணும். அப்ப அவமானப்படுத்தி நீக்குவோம். ஆனா வெண்ட்லர் அந்த மாதிரி ஆள் இல்ல.” பிரபு ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்தார். முகம் கனிந்தது. “என் ஆசை என்ன தெரியுமா, ரிங்கல்? ஒருநாள் குழு முழுக்க அப்படி ஆயிடணும். விளக்கு வேண்டாம், விறகு வேண்டாம். இசை மட்டும் இருக்கும்.”

*

அன்று மத்தியானம் ஒத்திகை இல்லை. டோபியாஸ் சபைக்குள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே பனி வெளிச்சம். பக்கத்தில் கோட்டும் பதக்கமும் வயலினும்.

“ஐயா” என்றான். எதிரே ஆள் இல்லாமல் பேச அவனுக்குக் கூச்சமாக இருந்தது. “உங்க வீட்டம்மா அழறாங்க. ஒரே ஒரு தடவை தப்பா வாசிச்சுடுங்க. ஒரு சுரம் போதும். கொஞ்சம் மேல போனாலும் சரி, கீழ போனாலும் சரி. அவங்களே உங்களை அனுப்பிடுவாங்க.”

சத்தம் இல்லை. அவன் வயலினைத் தொடாமல், தாளை மட்டும் புரட்டினான்.

வால் கேட்டது. ஆளில்லாத சபையில், மற்ற வாத்தியம் எதுவும் துணைக்கு இல்லாமல், அந்தச் சில சுரங்கள் மட்டும். சுத்தமாக இருந்தது. ஆனால் இப்போதுதான் அவனுக்கு அதில் களைப்பு கேட்டது. தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டால் ஒரு மனிதன் கண்ணைத் திறக்காமலேயே கேட்டதை எடுத்துக் கொடுப்பானே, அந்த மாதிரிக் களைப்பு.

திருப்பிப் புரட்டினான். மறுபடியும் அதே வால். தாளின் ஓரத்தை மட்டும் தூக்கினான். தொடங்கியது. விட்டான். பாதியில் நின்றது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாளும் காஸ்பரைக் கல்லறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருப்பது பிரபு என்று நினைத்திருந்தான், கோமகன் என்று நினைத்திருந்தான். கூப்பிட்டது அவன் கைதான். ஒரு கை தாளுக்குப் போனால் மறு ஆள் வாசிக்க வேண்டும். காஸ்பருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். அந்தக் கை நீண்டுகொண்டிருக்கும்வரை அவர் வந்துகொண்டே இருப்பார்.

புரட்டாமல் இருந்தால்?

புரட்டாவிட்டால் வாலை டோபியாஸ் வாசிக்க வேண்டும். அடுத்த பக்கத்தையும் பார்க்காமல் வாசிக்க வேண்டும், அதற்கடுத்ததையும். கிரீபன்ஹைனில் தாளைப் புரட்டாத இளையவருக்கு வேலை போய்விடும். அங்கே வேலை போனவனை வேறெந்த அரண்மனையும் சேர்க்காது. அதுகூடப் பெரிதில்லை. அந்தச் சத்தம் இனிமேல் தன் காதருகில் கேட்காது.

எழுந்து போவதற்கு முன்னால் இன்னும் ஒருமுறை தாளைப் புரட்டினான். அது தேவையில்லாத புரட்டல்தான். கேட்டான். “மன்னிச்சுக்கோங்க, ஐயா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

*

கோமகனின் பிறந்தநாள் பிப்ரவரியில். அதற்குள் டோபியாஸ் அன்றைக்கு வாசிக்க வேண்டிய சிம்பொனியை மனதில் ஏற்றிக்கொண்டான். நடுப்பகுதிகளெல்லாம் கைக்குத் தெரியும். வால்கள்தான் தெரியாது. வாசித்துப் பார்த்ததே இல்லையே! ஆனால் காது விட்டுவைக்கவில்லை. வயலினைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினால் காஸ்பர் அங்கே எந்த விரலை வழுக்கினார், எங்கே வில்லைப் பாதியில் தயங்க விட்டார் என்பதுவரை வந்தது. ஒருநாள் விசிலடித்துக்கொண்டு போனவன் நிற்காமல் போய்விட்டான். ரொட்டிக்கடைக்காரி மாவுக் கையோடு ஜன்னலுக்கு ஓடிவந்தாள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள்.

பிறந்தநாள் வந்தது. கோமகன் மாடத்தில். பிரபு பின்னால். காஸ்பரின் நாற்காலி குனிந்து நிமிர்ந்தது. கயிறு எப்போதோ அறுந்து போயிருந்தது.

மெதுவான பகுதி தொடங்கியது. முதல் பக்கத்தின் கடைசி வரி. பக்கத்து நாற்காலியிலிருந்து குளிர் ஏறியது. குழுத்தலைவர் ஷ்டோல்சே இந்தப் பக்கம் பார்த்தார். டோபியாஸ் வில்லை இறக்கவில்லை. தாளுக்குக் கையை நீட்டவில்லை. வாசித்துக்கொண்டே போனான்.

காதருகில் காஸ்பரின் வாலும் தொடங்கியது. பழக்கம், எந்தக் கையும் கூப்பிடாமலே வந்துவிட்டது. இரண்டு வயலினும் சேர்ந்து நாலைந்து சுரம் போயின. அவர்கள் இருவரும் அந்த இடத்தைச் சேர்ந்து வாசித்தது அதுதான் முதல் தடவை. பிறகு மற்ற வயலின் தயங்கியது. தன் அறைக்குள் வந்த ஒருவர் அங்கே வேறு யாரோ விளக்கேற்றி வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்து வாசலில் நிற்பதுபோலத் தயங்கியது. கொஞ்சநேரம் அவன் வாசிப்பதைக் கேட்டது. அப்புறம் இல்லை.

டோபியாஸ் அடுத்த பக்கத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு போனான். கண்ணைத் திறந்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, நீர் நிறைந்திருந்தது. அடுத்த வாலில் பக்கத்து நாற்காலியிலிருந்து எதுவும் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. தோளில் மெல்லச் சூடு ஏறியது.

கோமகன் எழுந்து நின்று கை தட்டினார்.

*

“யார் வாசிச்சது?” என்றார் பிரபு அலுவலகத்தில். குழு முழுக்க வரிசையாக நின்றது.

“நான்தான், பிரபுவே.”

“எல்லா வாலையுமா?”

“எல்லா வாலையும்.”

“அப்ப வெண்ட்லர் என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு?”

உயிரோடு இருந்தவரையில் ஒரு சுரம் தவறாதவரைப் பற்றி இதைச் சொல்வது டோபியாஸுக்கு நாக்கில் கல்லாக இருந்தது.

“சும்மா இருந்தாருங்க.”

பிரபுவின் முகம் சிவந்தது. “கோமகன் பிறந்தநாள்லயா? பதக்கம் போட்டுக்கிட்டா? சாவுங்கற சின்ன விஷயத்தைக்கூட நாங்க பெரிசு பண்ணல. அவருக்கு எல்லாச் சலுகையும் குடுத்தோம். உயிரோட இருக்கிறவங்களுக்குக்கூட அவ்வளவு குடுக்கல. இதுதான் நன்றியா?”

அன்று மாலையே சபையில் எல்லோர் முன்னாலும் காஸ்பர் வெண்ட்லரை அவமானப்படுத்தி நீக்கினார்கள். நாற்காலிக்கு மாட்டியிருந்த கோட்டிலிருந்து பொத்தான்களைக் கத்தரித்தார்கள். பதக்கத்தைப் பிடுங்கினார்கள். குடும்பத்தினர் என்ற முறையில் ஆக்னெஸை வரவழைத்து உத்தரவை வாசித்துக் காட்டினார்கள். அவள் பச்சை உடையில் நின்றுகொண்டு கடைசி வார்த்தைவரை கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, கோட்லோப் அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. துயரத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று பிரபு இரக்கப்பட்டார். வயலினை அவளிடமே கொடுத்துவிடச் சொன்னார். நீக்கப்பட்டவரின் சாமானை அரண்மனையில் வைத்திருப்பது கௌரவக் குறைவு.

நீக்கப்பட்டவருக்கும் மணி அடிக்க வழியில்லை என்றார் பாதிரியார். “வேண்டாம், சத்தம் போடாதீங்க” என்றாள் ஆக்னெஸ். மறுநாள் கறுப்பு உடுத்திக்கொண்டு சந்தைக்குப் போனாள். அடுத்த கச்சேரி நாள் மாலை, எதற்கும் இருக்கட்டும் என்று சூப் வைத்தாள். தட்டில் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஆவி அடங்கியது. சூப்பின் மேல் ஆடை படிந்தது. யாரும் வரவில்லை. பிறகு அவளே கரண்டியை எடுத்து, ஆறிப்போன சூப்பைக் கடைசிவரை குடித்தாள்.

ஃப்ளோரியானின் நாற்காலி அப்படியேதான் இருந்தது. அவர் எப்போதும்போலச் சத்தமில்லாமல் இருந்ததால் அவர்மேல் புகார் எதுவும் எழவில்லை.

டோபியாஸின் கதை வேறு மாதிரி ஆயிற்று. தாளைப் புரட்டாதது குற்றம்தான் என்றார் பிரபு. ஆனால் கோமகன் கை தட்டிவிட்டார். கோமகன் குற்றத்துக்குக் கை தட்டமாட்டார். ஆகவே அது குற்றமில்லை, சேவை. மூத்தவரின் நாற்காலி அவனுக்கு.

“எவ்வளவு காலத்துக்குங்க?” என்று கேட்டான் டோபியாஸ்.

“ஆயுள் வரைக்கும்னு எல்லாம் போடல” என்று பிரபு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவ்வளவு நல்லா வாசிக்கிறவரை அந்த மாதிரிச் சின்ன எல்லைக்குள்ள அடைக்க எங்களுக்கு மனசு வரல.”

உள்பக்கத்து நாற்காலிக்குப் புதியவர் ஒருவரைச் சேர்த்தார்கள். துரிங்கியாப் பக்கத்து ஆள், பருத்தவர், நல்ல சுபாவம். முதல் கச்சேரிக்குப் புதுக் காலுறை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

“நீங்க தலையைத் தாழ்த்தினா நான் புரட்டணும். அவ்வளவுதானே, ஐயா?”

டோபியாஸ் அவரை மேலும் கீழும் பார்த்தான். பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

“உங்களுக்கு மனப்பாடம் நல்லா வருமா?” என்றான்.

“சுமாரா வரும்ங்க. எதுக்கு? அதான் தாள் முன்னாடியே இருக்கே.”

டோபியாஸ் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கோமகன் உள்ளே வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து குனிந்தார்கள்.